வேர்க்காத மே மாதம்

போன வாரம் பத்திரிகையில் இந்த இடத்தில் நான் எழுதவில்லை. கவனித்தீர்களா?

மாட்டுங்காவிலிருந்து ஒரு வாசகி போன் போட்டு, "உடம்புக்கு ஏதாவதா?" என்று கேட்டார். செம்பூரில் என்னிடம் சரக்கு எடுக்கும் கடைக்காரர், "ஊருக்குப் போயிட்டீங்களா?" என்றார். உடம்புக்கும் ஒன்றுமில்லை, ஊருக்கும் போகவில்லை என்று இரண்டு பேரிடமும் சொன்னேன். ஊருக்குப் போகாதது நிஜம். மற்றது பொய்.

நிஜத்தை உங்களிடம் சொல்கிறேன். மெதுவாகத்தான் சொல்வேன். நான் எழுத்துக் கூட்டி எழுதுகிறவள், அவசரப்படுத்தினால் வராது.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தாராவியில் ஒற்றை ரூமில் தனியாக இருக்கிறேன். கைச்சுத்து முறுக்கும் காரச்சேவும் போட்டு விற்கிறேன். புருஷன் போன பிறகு ஒருத்தரிடமும் கை நீட்டியதில்லை. மகன் ராஜன் கல்யாணில் ஃபிளாட் வாங்கியிருக்கிறான். "வா அம்மா, வா அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். நல்ல பிள்ளைதான். ஆனால் அவன் ஒரு காரணத்துக்குக் காத்திருக்கிறான் என்பது எனக்குத் தெரியும் — அம்மாவுக்குப் புத்தி தடுமாறுகிறது என்று யாராவது சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அன்றைக்கே அடுப்பை அணைத்து, ரூமைப் பூட்டி, என்னை லோக்கல் டிரெயினில் ஏற்றிவிடுவான்.

இது மனசில் இருக்கட்டும். நடந்ததெல்லாம் இதனால்தான்.

முதலில் வயிற்றுவலி. ஈரத்துணியை முறுக்கிப் பிழிவது மாதிரி குடலைப் பிழிந்தது. தவாகானாவுக்கு, பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிக்கு, போனேன். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு வெள்ளை மாத்திரை எழுதினார்.

"குடல் இழுத்துப் பிடிக்குது. அதைத் தளர்த்துற மாத்திரை இது. இந்தப் பட்டை முடிஞ்சா நிறுத்திடணும், நீங்களா மேல வாங்கக் கூடாது. உங்க வயசுக்கு ஜாக்கிரதையா இருக்கணும். ரொம்ப சூட்டுல நிக்காதீங்க. வேற எதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?"

"இல்லை" என்றேன்.

மறைக்கவேண்டும் என்று நினைத்து அப்படிச் சொல்லவில்லை. எங்கள் சந்தில் சரக்குப் போடுகிற பெண்கள் எல்லோரும் காலை டீயோடு ஒரு சளி மாத்திரை போடுவோம். மஞ்சள் நிறம். காரச்சேவு மாவில் மிளகாய்ப்பொடி விழுந்ததும் நெடி ஏறி மூக்கு ஒழுகும். ஒழுகுகிற மூக்கோடு மாவில் கை வைக்கலாமா? அதற்காக அந்த மஞ்சள் மாத்திரை. டீயில் போடுகிற இஞ்சி மாதிரி அது எங்களுக்கு. இஞ்சியை யாராவது மருந்து என்று டாக்டரிடம் சொல்வார்களா?

வெள்ளை மாத்திரை நன்றாகக் கேட்டது. வலி போயிற்று. கூடவே இன்னொன்றும் போயிற்று.

வேர்வை.

மே மாதம். தகர மேற்கூரை. முன்னால் எண்ணெய்ச் சட்டி கொதிக்கிறது. என் நெற்றியில் ஒரு பொட்டு ஈரம் இல்லை!

எங்கள் தொழில் தெரியாதவர்களுக்கு இதன் அருமை புரியாது. வெள்ளைத் துணியை விரித்து, குனிந்து உட்கார்ந்து, விரலால் மாவை முறுக்கி முறுக்கிச் சுற்ற வேண்டும். நெற்றியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தால் அந்த முறுக்கு போச்சு. நான் அதை எடுத்துத் தள்ளி வைத்துவிடுவேன். என் சரக்குக்கு அந்த கௌரவம் உண்டு. இந்த மே மாதம் ஒன்றைக்கூடத் தள்ளி வைக்கவில்லை.

எதிர் ரூம் செல்லக்கனிக்குப் பொறாமை. அவளும் முறுக்குதான் போடுகிறாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துத் துடைத்து அவளுக்குக் கன்னம் சிவந்து கிடந்தது.

"எப்பிடி மயினி? நாங்கல்லாம் இங்க அவிஞ்சு சாவுதோம், ஒங்களுக்கு மட்டும் ஏசி போட்டிருக்கா?"

"வேலை தெரிஞ்சவளுக்கு வேர்க்காதுட்டி" என்றேன்.

திமிர். வேறென்ன?

பட்டை தீர்ந்தது. வலியும் இல்லை. நிறுத்தியிருக்க வேண்டும். நானோ காலிப் பட்டையை மெடிக்கலில் காட்டினேன். அவன் ஒரு வார்த்தை கேட்காமல் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுத்தான். வயிற்றுக்கு வாங்கிய மாத்திரையை வேர்வைக்குத் தின்ன ஆரம்பித்தேன்.

வாய் காய்ந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தது. மத்தியான வெளிச்சம் கண்ணைக் குத்தியது. பக்கத்தில் இருப்பது மங்கலாகத் தெரிந்தது. வெயில்தான் என்று நினைத்தேன்.

ஒருநாள் மத்தியானம். துணியில் முறுக்கைச் சுற்றி வைத்துவிட்டு நிமிர்ந்தேன். திரும்பக் குனிந்தால்... மாவில் இருந்த கறுப்பு எள் நகர்ந்தது.

எறும்பு என்றுதான் யாரும் நினைப்பார்கள். நானும் நினைத்தேன். விரலால் தொட்டேன். எள்தான். விரலை எடுத்தேன். வரிசை கட்டி, முறுக்கின் வளைவு தவறாமல், சுற்றிச் சுற்றிப் போயின.

நான் சத்தம் போடவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த டிரெயின் கல்யாண்!

அதற்கப்புறம் அவள் வந்தாள்.

வாசலுக்கும் அடுப்புக்கும் நடுவில், எனக்கு முதுகு காட்டி ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பச்சைச் சேலை. என்னை மாதிரியே குனிந்து, என்னை மாதிரியே வலது கையை ஆட்டி ஆட்டி எதையோ சுற்றிக்கொண்டிருந்தாள். பயமே வரவில்லை, கேட்டுக்கொள்ளுங்கள். பட்டப்பகல். வெளியே குழாயடியில் சண்டை, யார் வீட்டிலோ டி.வி. சத்தம். அதற்கு நடுவில் அவள் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறாள்.

அவளுக்கு வேர்த்தது. அதுதான் என்னால் மறக்க முடியவில்லை. கழுத்திலிருந்து முதுகு வழியாக ஓடி, சேலை நனைந்து, தரையில் குட்டையாகத் தேங்கியது. எனக்கு வராத வேர்வை எல்லாம் அவள் மேல் வழிகிறதோ என்று தோன்றியது. தோன்றியதா... இல்லை, நிச்சயமாகத் தெரிந்தது. வெயில் சுடுகிறது என்று தெரிவது மாதிரி தெரிந்தது.

குட்டை மெல்ல என் துணிப் பக்கம் வந்தது.

"தள்ளி உக்காரு! மாவுல படப்போவுது" என்று அதட்டினேன்.

வாசலில் செல்லக்கனி. கையில் கிண்ணம், எண்ணெய் வாங்க வந்திருக்கிறாள்.

"யார்ட்ட பேசுதிய மயினி?"

"பூனை."

அவள் ரூமைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். 

"மயினி... ஒங்க கண்ணு என்ன இப்பிடி இருக்கு? முழி பூரா கருப்பால்லா கெடக்கு!"

"வெயில்" என்றேன். அவள் எண்ணெய் வாங்காமலே போய்விட்டாள்.

அன்றைக்கு ராஜன் போன். "என்னம்மா, பேச்சு குழறுது?" வாயில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, "வெத்தல போட்டிருக்கேன்" என்றேன். அவன், "ஞாயித்துக்கிழமை வர்றேன்" என்று வைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியாகிவிட வேண்டும். எனக்கு அந்த ஒரே நினைப்பு.

ஆனால் அடிவயிறு திரும்பவும் வலித்தது. கல்லாகக் கனத்தது. பொதுக் கக்கூஸ் வரிசையில் நின்று நின்று உள்ளே போனால்... ஒரு சொட்டு வரவில்லை. மூத்திரம் கட்டிக்கொண்டது என்று எனக்குப் புரியவில்லை. பழைய குடல்வலி என்றே நினைத்தேன். என்ன செய்வேன்? இன்னொரு வெள்ளை மாத்திரை. வலி கூடியது. இன்னொன்று. எந்த மாத்திரை மூத்திரத்தைக் கட்டியதோ, அதையே மருந்தென்று தின்றேன்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் தெரியாது. செல்லக்கனி சொன்னதைத்தான் சொல்கிறேன்.

அடுப்பு அணைந்து கிடந்ததாம். மாவு இல்லையாம், துணி இல்லையாம். நான் வெறும் தரையில் குனிந்து உட்கார்ந்து, காற்றில் முறுக்குச் சுற்றிக்கொண்டிருந்தேனாம். ஒன்று முடிந்ததும் பக்கத்தில் எடுத்து வைப்பேனாம், அடுத்ததைத் தொடங்குவேனாம். நல்ல வேலைப்பாடாம்! விரல் ஒரு சுற்றுகூடத் தவறவில்லையாம். "அதப் பாத்துதான் மயினி எனக்கு ஈரக்குல ஆடிப்போச்சு" என்றாள். என் கையைப் பிடித்திருக்கிறாள். தோசைக்கல் மாதிரி சுட்டிருக்கிறது.

சந்தே கூடிவிட்டது. காத்துக்கருப்பு என்று ஒருத்தி திருநீறு கொண்டு வந்தாள். ஜெபக்கூட்டத்துக்குத் தூக்குவோம் என்றாள் இன்னொருத்தி. இரண்டு பேரும் என் தலைமாட்டில் நின்று சண்டை போட்டிருக்கிறார்கள். "சாமி அப்புறம் வரட்டும், மொதல்ல டாக்சி வரட்டும்" என்று கத்தியவள் செல்லக்கனி. நான் இப்போது எழுதிக்கொண்டிருப்பது அந்த ஒரு கத்தலால்.

பெரிய ஆஸ்பத்திரி. ஈரத்துணி, ஊசி, குழாய். மூத்திரத்தைக் குழாய் வைத்து எடுத்த பிறகுதான் எனக்குக் கொஞ்சம் நினைவு திரும்பியது. பக்கத்தில் ராஜன். கண் சிவந்திருந்தது. அவனுக்குப் பின்னால் சுவரோரம், அவள். இன்னும் சுற்றிக்கொண்டிருந்தாள்.

மராட்டிப் பெண் டாக்டர் குனிந்து, அம்மா என்கிற மராட்டிச் சொல்லால் என்னைக் கூப்பிட்டுக் கேட்டாள். "ஆயி, உங்களுக்கு ஏதாவது தெரியுதா? மத்தவங்க கண்ணுக்குப் படாதது?"

நான் ராஜனைப் பார்த்தேன்.

இல்லை என்று சொன்னால் வீடு என்னுடையது. ஆமாம் என்றால் கல்யாண். புரிகிறதா உங்களுக்கு? உயிரைவிட அது பெரிதாகத் தெரிந்தது அந்த நேரத்தில். நாக்கு வேறு ஒட்டிக்கொண்டிருக்கிறது. சொல்லாமல் இருப்பது எவ்வளவு சுலபம்!

சுவரோரம் இருந்தவளின் கை நின்றது. அவள் மெதுவாகக் கழுத்தைத் திருப்ப ஆரம்பித்தாள். அந்த முகம் யாருடையது என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"தெரியுது" என்றேன். "அங்க ஒருத்தி இருக்கா."

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். எள், பச்சைச் சேலை, வெள்ளை மாத்திரை, டீயோடு போடுகிற மஞ்சள் மாத்திரை வரை. ராஜன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். "நான் அப்பவே நெனச்சேன், அம்மாவுக்குப் புத்தி..."

டாக்டர் பெண் அவனை முடிக்க விடவில்லை. "புத்திக்கு ஒன்னும் இல்ல. மாத்திரை செஞ்ச வேலை" என்றாள்.

அவள் இந்தியில் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். வெள்ளை மாத்திரை குடலை மட்டும் தளர்த்துவதில்லை. உடம்பில் ஊறுகிற ஈரத்தையும் காய வைக்கும். மஞ்சள் மாத்திரையும் காய வைக்கிற சாதி. இரண்டும் சேர்ந்தால், அதுவும் வயசானவர்களுக்கு, மூளையைக் குழப்பிவிடும். வேர்வை நின்றால் உடம்பின் சூடு வெளியே போக வழியில்லை. நான் பெருமைப்பட்டுக்கொண்ட அந்தக் காய்ந்த நெற்றிதான் முதல் அபாயமாம்.

வலி தீர்ந்ததும் நிறுத்த வேண்டும். சொன்ன அளவுக்கு மேல் ஒன்றுகூடக் கூடாது. கண்ணில் பிரஷர் இருப்பவர்களும், மூத்திரம் சரியாகப் போகாதவர்களும் அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்ல வேண்டும். கைக்குழந்தை வயிறு வலித்து அழுகிறது என்று பெரியவர்களுக்கான மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடவே கூடாது, மூச்சே நின்றுபோகலாம். சளிக்கோ தூக்கத்துக்கோ எதைச் சாப்பிட்டாலும், அது இஞ்சி மாதிரி என்று நினைத்தாலும், வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும்.

மாத்திரையை நிறுத்தினார்கள். அவள் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிப் போனாள். முகத்தை நான் கடைசிவரை பார்க்கவில்லை.

ராஜன்தான் என்னை டாக்சியில் வைத்துக் கூட்டிவந்தான். சயான் சிக்னலில் வண்டி நின்றபோது கேட்டான். "ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

"நீ பூட்டுப் போட்டிருவ."

 கல்யாணுக்கா தாராவிக்கா என்று டிரைவர் கேட்டபோது, "தாராவி" என்றான். தினமும் ஒரு போன், எது தெரிந்தாலும் சொல்ல வேண்டும், இதுதான் நிபந்தனை. ஒத்துக்கொண்டேன்.

முந்தாநாள் செல்லக்கனி வந்தாள். உட்காரவில்லை. கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு நின்றாள்.

"மயினி, ஒண்ணு கேப்பேன், ஏசக் கூடாது."

"கேளு."

"ஒங்ககிட்ட வந்தவ... பேசுனாளா?"

"இல்லட்டி. முதுகைக் காட்டிட்டு உக்காந்திருந்தா. ஏன்?"

அவள் முகத்தைப் பார்த்தேன். சட்டி முன்னால் இருந்து எழுந்து வந்தவள். நெற்றி காய்ந்து கிடந்தது.

"நீங்க ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தியே, கீழ போட்ட காலிப் பட்டைய எடுத்து மெடிக்கல்ல காட்டுனேன். எனக்கும் வேர்க்கக் கூடாதுன்னுதான்..." அவள் குரல் இறங்கியது. "எங்க வீட்டுக்கு வாறவன் பேசுதான் மயினி."

நான் செருப்பை மாட்டினேன். வீட்டில் இருக்கிற மாத்திரை எல்லாவற்றையும் பையில் போடச் சொன்னேன். மஞ்சளையும் விடாமல். டாக்சியில் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

அவன் என்ன பேசினான் என்று நான் கேட்கவில்லை. அதை டாக்டரம்மா கேட்கட்டும்.