மூளையோடு போன முகம்

அரிமளத்தில் என் வீட்டு மடிக்கணினித் திரையில் அந்த அக்காவின் முகம் வந்து நின்றபோது முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் உடம்பெல்லாம் எரிந்தது.

வலிப்பு நோய் உள்ளவர்களின் மூளையை ஆராயும் திட்டம் ஒன்றில் ஒரு வருடம் களப்பணியாளராக இருந்தேன். ஒப்புதல் படிவத்தைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவதும், புதுக்கோட்டைக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போவதும் என் வேலை. ஆலங்குடிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் அந்த அக்கா லேசில் சம்மதிக்கவில்லை. அவருக்கு வலிப்பு வருவது கம்பெனியில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயம்.

“எம் பேரு வெளிய வராதுல்ல தங்கச்சி?”

“வராதுக்கா. ஊரும் வராது, ஒரு நம்பர்தான் இருக்கும். ஸ்கேன இன்டர்நெட்டுல ஒரு பொதுத் தளத்துல போடுவாங்க. எந்த நாட்டு ஆராய்ச்சிக்காரங்களும் எடுத்துப் பாக்கலாம். வலிப்பு வாரவங்களுக்கு ஆகும்.”

அதை நம்பித்தான் கையெழுத்துப் போட்டார்.

எங்கள் ஸ்கேன்கள் தளத்தில் ஏறிவிட்டன என்று கேள்விப்பட்டு ஆசையாகத்தான் போய்ப் பார்த்தேன். பெரிய ஆய்வகங்களின் தரவும் மென்பொருளும் என்னைப் போன்றவர்களுக்கு இலவசமாகக் கிடைப்பது அங்கேதான். ஒரு கோப்பை இறக்கி முப்பரிமாணத்தில் திறந்தேன். தலையை ஸ்கேன் எடுத்தால் மூளை மட்டும் வராது. மூக்கு, காது, தாடை எல்லாம் சேர்ந்தே வரும். அவற்றை அழித்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். எங்கள் திட்டத்தார் அழிக்கவில்லை. சாம்பல் நிறத்தில், கண்மூடி, வலிப்பில் விழுந்து பிளந்த மேலுதட்டோடு அந்த அக்கா.

முகத்தை அழிக்கும் மென்பொருள் அதே தளத்தில் சும்மா கிடைக்கிறது. ஒரு ஸ்கேனுக்குச் சில நிமிடம் ஆகும். அதற்கு நேரமில்லாதவர்களுக்கு, ‘அடையாளங்கள் நீக்கப்பட்டன’ என்ற கட்டத்தில் டிக் அடிக்க மட்டும் நேரம் இருந்திருக்கிறது.

திட்டத்தை நடத்திய பேராசிரியருக்குப் போன் செய்தேன்.

“கொட்டை உடைக்கிற ஒரு அம்மாவை எவன்மா அடையாளம் கண்டுபிடிக்கப் போறான்?” என்றார்.

“நான் கண்டுபிடிச்சேன் சார்.”

“இதைப் பெருசு பண்ணாத. அடுத்த புராஜெக்ட்டுல நீ இருக்கணும்ல?” என்றார்.

போனை வைத்த கையோடு தளத்தை நடத்துபவர்களுக்கு எழுதினேன். இரண்டே நாளில் கோப்புகளை எடுத்துவிட்டார்கள். அதற்குள் பலர் இறக்கிக்கொண்டு போயிருந்தார்கள். போனது போனதுதான்.

அக்காவிடம் சொல்ல ஆலங்குடி பஸ்ஸில் போகும்போது கோபம் பேராசிரியர்மேல் மட்டும் இல்லை. அந்தப் படிவத்தைப் படித்துக் காட்டியது என் வாய்.

பேராசிரியர் முகத்தை அழிக்காமல் ஏற்றவிட்டதைச் சொல்லி, கொண்டுபோன மடிக்கணினியைத் திறந்து காட்டினேன். அக்கா திரையைப் பார்த்தார். உதட்டைத் தொட்டுக்கொண்டார்.

“நீதான தங்கச்சி சொன்ன, ஒரு நம்பர்தான் இருக்கும்னு?”

“மன்னிச்சிருங்கக்கா.”

“ஒம் மன்னிப்ப வச்சு நான் என்ன பண்ண? இதப் பாத்தவங்க யாரும் எங்க கம்பெனிக்கு வருவாகளா?”

வரமாட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். பேராசிரியரின் பதிலும் அதேதான் என்று உறைத்தது.

“தெரியலக்கா” என்றேன்.

மடிக்கணினியை என் பக்கம் தள்ளிவிட்டுக் கேட்டார்: “வலிப்பு வாரவங்களுக்கு ஆகும்னியே, அது நெசமா?”

“நெசந்தான்க்கா.”

“அப்ப மூஞ்சிய எடுத்துட்டுப் போடு. நீ போடு. அந்தாளு கை வைக்கக் கூடாது.”

எல்லா ஸ்கேன்களிலும் முகத்தை நானே அழித்தேன். ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகே தளத்துக்கு அனுப்பினேன். தரவு மொத்தமும் போய்விடும் என்ற பயத்தில் பேராசிரியர் அனுமதி கொடுத்தார். ‘கோப்புகளின் தரம் மேம்படுத்தப்பட்டது’ என்று தளத்தில் ஒரு வரியும் எழுதினார். தரமாம்! ஒரு மனுஷியின் முகத்தை ஊர் உலகத்துக்குக் காட்டியதற்குப் பெயர் அது.

போன மாதம் அவரே கூப்பிட்டார். அடுத்த திட்டம் அன்னவாசல் பக்கமாம்.

“போன திட்டத்து ஆளுங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் போய் நடந்ததைச் சொல்லிட்டு வாங்க சார். அப்புறம் நான் வாரேன்.”

போனை வைத்துவிட்டார். அவர் போகவில்லை. பஸ் பிடித்து, வீடு வீடாக நான்தான் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சிலர் திட்டுகிறார்கள். நின்று கேட்டுக்கொள்கிறேன்.