ஒயிட்னர் புள்ளி

வில்லியனூருக்கும் பாகூருக்கும் நடுவில், கரும்பு வெட்டியபின் சும்மா கிடந்த நிலத்தில் ஷெட் போட்டவன் நான். கொதிகலனுக்கு நானே வெல்டிங் வைத்தேன். ஆவியைக் குளிரவைக்கும் குழாய்களைப் பழைய இரும்புக் கடையில் பொறுக்கி, என் கையாலேயே வளைத்தேன். மும்முனை மின்சாரத்துக்காக நடந்த நடையில் இரண்டு ஜோடி செருப்பு தேய்ந்தது. ஐந்தாவதோடு படிப்பை விட்டு, பிளம்பருக்கு ஸ்பேனர் தூக்கியவன், கம்பெனிகள் கழித்துப்போடும் அழுக்கு சால்வென்ட்டை, அதாவது கரைப்பானை, காய்ச்சித் தெளிவாக்கித் தருகிறான் என்றால் யார் நம்புவார்கள்? நான் சாராயம் காய்ச்சுவதாகப் போலீசுக்கே போன் போட்டார்கள். வந்த போலீஸ்காரர் டிரம்மை முகர்ந்துவிட்டு, "இதக் குடிச்சா இன்னா ஆவும்?" என்று கேட்டார்.

"குடிச்சிப் பாத்து நீங்கதான் சார் சொல்லணும்" என்றேன். சிரித்துக்கொண்டே ஜீப்பில் ஏறினார்.

கடைசியாக வாங்கியது ஜி.சி. மிஷின். சால்வென்ட்டில் ஒரு சொட்டை ஊசியால் ஏற்றினால் அது சூட்டில் ஆவியாகும். முடி கனத்தில் சுருட்டி வைத்த நீளக் குழாய்க்குள் ஓடி, என்னென்ன கலந்திருக்கிறது என்று கம்ப்யூட்டரில் மலை மலையாக வரைந்து காட்டும். அதைப் பார்த்துக்கொள்வது குருவிநத்தத்திலிருந்து ஸ்கூட்டியில் வரும் எங்கள் கெமிஸ்ட் அம்மா. எம்.எஸ்சி. படித்தவர்.

போன ஆயுத பூஜை முடிந்த வாரம், முதன்முதலாக ஒரு மருந்து கம்பெனி எங்களிடம் சரக்கு கேட்டது. பெயின்ட்காரர்களுக்கே கொடுத்துக்கொண்டிருந்த எனக்கு அது பெரிய படி. சரக்கு சுத்தம் என்று காட்டும் கிராஃப் மறுநாள் மாலைக்குள் வந்துசேர வேண்டும், இல்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள். டிரம்கள் நிரம்பி வரிசையாக நின்றன. ஆனால் கிராஃபில் சால்வென்ட் மலை விறுவிறுவென்று ஏறியதே தவிர, இறங்கவில்லை. ஈரப் புடவை தரையில் இழுபடுவதுபோல ஒரு வால். பக்கத்தில் நிற்க வேண்டிய சின்ன அழுக்கு மலை அந்த வாலுக்குள் முழுகிப் போயிருந்தது.

"சரக்கு சுத்தமாதான் இருக்கு மொதலாளி. ஆனா அத நிரூபிக்க முடியல" என்றார் கெமிஸ்ட் அம்மா. ஊசி மாற்றினார், ஊசி குத்தும் ரப்பரை மாற்றினார், கேஸ் கசிகிறதா என்று பார்த்தார். வால் போகவில்லை. சென்னையிலிருக்கும் சர்வீஸ் இன்ஜினியர் போனில், அடுத்த வாரம்தான் வர முடியும் என்றார்.

நான் மிஷின் பக்கத்தில் போய் நின்றேன்.

"மொதலாளி, கைய வெச்சிடாதீங்க. இது பம்பு செட்டு இல்ல."

"பம்பு செட்டு இல்லதாம்மா. உள்ள ஓடுறது குழாய்தான? வால் எல்லா மலைக்கும் இருக்கா, இதுக்கு மட்டுமா?"

"எல்லாத்துக்கும் லேசா இருக்கு. முதல்ல வர்றதுக்குதான் ரொம்ப."

"அப்ப எங்கியோ தேங்குது" என்றேன். சாக்கெட்டுக்குள் குழாய் முழுசாக ஏறாவிட்டால் இடுக்கில் தண்ணீர் தங்கும். வால்வை மூடிய பிறகும் அது சொட்டிக்கொண்டே இருக்கும். அந்தச் சொட்டுதான் இந்த வால். "குழாய் முனை உள்ள எவ்ளோ ஏறியிருக்கு?"

"அதெல்லாம் சரியா இருக்கு. எவ்ளோ உள்ள போவணும்னு அளந்து நான் ஒயிட்னர்ல வெச்ச புள்ளி நட்டுக்கு நேராதான் நிக்குது."

புள்ளி என்றதும் நான் செய்து வைத்த வேலை ஞாபகத்துக்கு வந்தது.

ஆயுத பூஜைக்கு எல்லா மிஷினையும் நான்தான் துடைப்பேன். வேறு யாரையும் விட மாட்டேன். அன்றைக்கு உள்ளே இருக்கும் கண்ணாடிக் குழலை மாற்றுவதற்காக அந்தம்மா குழாய்ச் சுருளைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்தார். முனைக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஏதோ அழுக்கு. நகத்தால் சுரண்டி எடுத்தேன். எடுத்த பிறகுதான் மேசைமேல் ஒயிட்னர் பாட்டிலைப் பார்த்தேன். அது அழுக்கில்லை, அடையாளம் என்று புரிந்தது. யாரிடமும் சொல்லாமல், கண் அளவில் அதே மாதிரி ஒரு புள்ளி வைத்துவிட்டு, சந்தனம் குங்குமம் வைக்கப் போய்விட்டேன். அந்தம்மா அந்தப் புள்ளியை நம்பித்தான் சுருளைத் திரும்ப மாட்டினார்.

மூடி மறைத்திருக்கலாம். ஆனால் டிரம்கள் வெளியே நின்றன.

"கழட்டி அளந்து பாரும்மா."

"அளந்து வெச்ச புள்ளிதான மொதலாளி?"

"அந்தப் புள்ளி உன்னுது இல்ல. என்னுது."

நடந்ததைச் சொன்னேன். அந்தம்மா என்னையே பார்த்தார். "பொட்டு வெக்கணும்னா மிஷினுக்கு நெத்தியில வெக்கிறது! போயும் போயும் அங்கியா?" என்றவர், சிரிப்பை அடக்க முடியாமல் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மிஷின் ஆறியதும் சுருளைக் கழற்றி, முனையிலிருந்து புள்ளி வரை ஸ்கேல் வைத்து அளந்தார். அரை நெல்மணி நீளம் குறைவாக ஏறியிருந்தது. அவ்வளவுதான். அந்த இடுக்கில்தான் ஆவி தங்கித் தங்கி வந்திருக்கிறது. முனையை நேராக வெட்டி, அளந்து புதுப் புள்ளி வைத்து மாட்டி, சூடேற்றி, ஒரு சொட்டு ஏற்றினார். இரண்டு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மலை ஏறியது. ஏறிய வேகத்தில் இறங்கியது. பக்கத்தில் அழுக்கு மலை, எறும்புப் புற்று உயரத்தில், தனியாக நின்றது.

"அவங்க சொன்ன அளவுக்கு ரொம்பக் கீழ மொதலாளி!"

மாலைக்குள் கிராஃப் போய்விட்டது. மறுநாள் காலையில் லாரி அனுப்புவதாகப் பதிலும் வந்துவிட்டது.

கிளம்பும் முன் அந்தம்மா மிஷின் ரிஜிஸ்டரை எடுத்து இங்கிலீஷில் எழுதினார். படிக்கச் சொன்னேன். குழாய் முனை குறைவாக ஏறியிருந்தது, அளந்து மாட்டப்பட்டது, சரிசெய்தவர் என்று அவர் பெயர்.

"என் பேரு எங்க?"

"எதுல மொதலாளி? புள்ளி வெச்சதுலயா, தேங்குதுன்னு கண்டுபுடிச்சதுலயா?"

"ரெண்டுலயும் போடு. கெடுத்ததும் நான்தான், கண்டுபுடிச்சதும் நான்தான். மருந்து கம்பெனிக்காரன் வந்து பொரட்டுனா ரெண்டையும் பாக்கட்டும். தமிழ்ல எழுது. நான் படிச்சிப் பாத்துட்டுதான் வூட்டுக்குப் போவேன்."