என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம்

கற்பூரம் என்றால் என்னவென்றே தெரியாது என்று அத்தனை பேர் முன்னால் சொன்னீர்களே, தம்பி, உங்களுக்கு நாக்கு கூசவில்லையா? உங்கள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. படிக்கும்போது உங்களுக்கே தெரியும். மற்றவர்களுக்கு முதலில் விஷயத்தைச் சொல்லிவிட்டு உங்களிடம் வருகிறேன்.

லீவர் ரைஃபிளோடு குறிபார்க்கும் போட்டிக்குப் போகிறவர்களுக்கு சைட்டும் லோடும் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது என் தொழில். லீவரைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும். கௌபாய் காலத்துத் துப்பாக்கி. சைட் என்பது குறி வைக்கப் பார்க்கும் பாகம். லோடு என்பது தோட்டாவுக்குள் எவ்வளவு வெடிமருந்து, முனையில் என்ன எடையில் குண்டு என்கிற பொருத்தம். டாலஸுக்கு வெளியே ஒரு ரேஞ்சை, அதாவது சுட்டுப் பழகுகிற மைதானத்தை, ஒட்டி என் கடை. நான் பத்தாவதைத் தாண்டாதவன். ஜெர்சி சிட்டியில் பெட்ரோல் போட்டு, அங்கே ஏமாந்து, இங்கே வந்தும் ஏமாந்து, கடைசியில் என்னை யாரும் ஏமாற்ற முடியாத ஒரு தொழிலைப் பிடித்தேன். கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைத்தவர்களுக்கு என் பாடு புரியும். வாங்க வருகிறவர்கள் எல்லாம் வீடியோ பார்த்து முடிவு செய்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

சின்ன ஓட்டை

துப்பாக்கியின் பின்னால் ஒரு வட்டத் துளை, அது வழியாகப் பார்க்க முன்னால் ஒரு சின்னக் கம்பி. எங்கள் போட்டியில் டெலஸ்கோப்புக்கு அனுமதியில்லை, இந்த இரண்டும்தான். துளை சின்னதாக இருந்தால் கம்பி கூர்மையாகத் தெரியும். ஆனால் அதற்கு நல்ல வெயில் வேண்டும். கொஞ்சம் பெரிய துளையாக இருந்தாலும் கண் தானாகவே அதன் நடுவைப் பிடித்துக்கொள்ளும். இதை நான் வாய் வலிக்கச் சொல்லியும் கேட்காதவர் ஒரு பல் டாக்டர். மதுரைக்கார அம்மா. நாள் முழுக்கப் பல்லில் சின்ன ஓட்டையைத் தேடிப் பழகியவருக்கு இங்கேயும் இருப்பதிலேயே சின்ன ஓட்டைதான் வேண்டுமாம்.

அதோடு விடவில்லை, நான் சொன்ன விலைக்கே எடுத்துக்கொண்டார். பேரம் பேசாமல் வாங்குகிறவரைப் பார்த்தாலே எனக்கு ஆத்திரம் வரும். பேசினால்தானே பொருளைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்ல முடியும்? போட்டியன்று காலையிலேயே மேகம் கட்டிக்கொண்டது. அந்த அம்மா ஒரு தோட்டாகூடச் சுடாமல் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு நேரே கடைக்கு வந்தார். "ஓட்டைய வித்துட்டீங்கண்ணா, வெளிச்சத்த யாரு விப்பா?" என்றார்.

பெரிய துளையை மாற்றிக் கொடுத்தேன். இந்தத் தடவை பேரம் பேசித்தான் வாங்கினார்.

கூர்மையான குண்டு

லீவர் ரைஃபிளில் தோட்டாக்கள் ஒரு குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பின்னால் இருக்கிற தோட்டாவின் முனை, முன்னால் இருக்கிற தோட்டாவின் பிட்டத்தில் முட்டிக்கொண்டிருக்கும். நெருப்புப் பிடிக்கிற இடமும் அந்தப் பிட்டம்தான். கூர்மையான குண்டைப் போட்டால் ஒரு அதிர்ச்சியில் குழாய்க்குள்ளேயே வெடித்துவிடும். அதனால் இதற்கு மூக்கு தட்டையான குண்டுதான். ராய் என்று ஒரு டெக்சஸ்காரர். மாடு வளர்க்கிறவர், என்னைவிட இரண்டு மடங்கு உடம்பு. அவர் வந்து கூர்மையான குண்டுதான் வேண்டும், தூரம் போகும் என்றார். கொடுக்க மாட்டேன் என்றேன். காசு என்னுடையது என்றார். கை உன்னுடையதா இல்லையா என்று கேட்டேன். அதற்குப் பிறகு நான் போட்ட சத்தத்தில் பாதி தமிழ். சத்தம் வெளியே போகாமல் இருக்க என் மனைவி உள்ளேயிருந்து வந்து கடைக் கதவைச் சாத்தினாள்.

அதே கதவைத் திறந்து அறைந்துவிட்டுப் போன மனிதர் மறுநாள் திரும்பி வந்தார். தொப்பியைக் கழற்றி கவுண்டர் மேல் வைத்தார். அவர் இங்கிலீஷில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: "எங்கப்பாகூட என்னை இவ்வளவு திட்டினதில்ல. தட்டை மூக்குல ரெண்டு பெட்டி குடு."

விழாத கடா

இப்போது நீங்கள் வருகிறீர்கள், தம்பி. கலிஃபோர்னியாவில், சான் ரமோனில் வேலை பார்த்துவிட்டு டெக்சஸில் பெரிய வீடு வாங்கிக் குடிவந்த புதிது. எங்கள் போட்டியில் இரும்பில் வெட்டிய கோழி, பன்றி, வான்கோழி, கடைசித் தூரத்தில் செம்மறிக் கடா என்று வரிசையாக நிற்கும். குண்டு பட்டால் மட்டும் போதாது, கீழே விழ வேண்டும். விழுந்தால்தான் புள்ளி. நீங்களோ தோள் வலிக்கிறது என்று இருப்பதிலேயே மெல்லிய லோடாகக் கேட்டு வாங்கிப் போனீர்கள். கோழி விழுந்தது. பன்றி விழுந்தது. கடா மேல் டங்கென்று பட்டது, நடுவிலேயே பட்டது. கடா லேசாக ஆடிவிட்டு அப்படியே நின்றது. நீங்கள் என்னிடம் வந்து கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது: "கரெக்டாதானே பட்டுச்சு அங்கிள், அதுக்கு ஸ்டெப் மார்க் கிடையாதா?"

நான் சிரிக்கவில்லை. உங்களை ரேஞ்சுக்குக் கூட்டிப்போனேன். கனமான குண்டை வைத்து, மருந்தைப் புத்தகம் சொல்கிற எல்லைக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, உங்கள் துப்பாக்கிக்கு எது ஒத்துப்போகிறது என்று ஞாயிறு தவறாமல் பார்த்தேன். தோளுக்கு ரப்பர் பட்டை வைத்துக் கட்டியும் விட்டேன். ஒரு நாள் கடா மல்லாந்தது. நீங்கள் என்னைக் கட்டிப்பிடித்தீர்கள். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை நான் மறைக்கவில்லை, இப்போதும் மறைக்கவில்லை.

கார் பார்க்கில் கற்பூரம்

டெக்சஸ் வெயிலில் முன்கம்பி பளபளக்கும். எந்தப் பக்கம் பளபளக்கிறதோ அந்தப் பக்கத்தைக் கண் கம்பியின் நடு என்று நம்பிவிடும், குண்டு விலகிப் போகும். அதற்குத்தான் கம்பிக்குக் கரி பூசுவார்கள். மெழுகுவர்த்திக் கரி எண்ணெய் மாதிரி மினுங்கும். கடையில் விற்கிற ஸ்ப்ரே, நானே விற்பதுதான், திட்டுத்திட்டாக நிற்கும். ஒரு நாள் மனைவி பூஜை முடித்து வைத்த தட்டைப் பார்த்தேன். கற்பூரம் எரிந்த இடத்தில் வெல்வெட் மாதிரி கறுப்பு, ஒரு மினுக்கம் கிடையாது. இந்தியக் கடையில் ஒரு பாக்கெட் வாங்கி வண்டியில் போட்டுக்கொண்டேன்.

வருடக் கடைசிப் போட்டி, நானும் சுடுகிறேன். ரேஞ்சுக்குள் நெருப்பு கூடாது என்பதால் கார் பார்க்கின் கோடியில், துப்பாக்கியைக் காலி செய்து லீவரைத் திறந்து வைத்துவிட்டு, ஸ்பூனில் கற்பூரத்தை ஏற்றினேன். காற்று அணைத்தது. பக்கத்தில் நின்ற நீங்கள் தொப்பியைக் கழற்றி மறைப்புப் பிடித்தீர்கள். ஸ்பூனைக் கம்பிக்குக் கீழே பிடித்தேன், கரி ஏறியது. அன்றைக்கு என் கடா எல்லாம் விழுந்தன. எல்லாம். வரிசை முடிந்தபோது ராய் தன் தொப்பியைத் தூக்கி என் தலையில் வைத்தார். "இந்த ஆளோட நாக்கைவிட இவன் துப்பாக்கிதான்யா சாது" என்றார்.

நட்சத்திரம்

ஜெயித்தவர் பெயரை கிளப் பலகையில் எழுதுவார்கள். எழுதுவதற்கு முன்னால் யாரோ புகார் கொடுத்துவிட்டார்கள்: கம்பியில் ஏதோ கெமிக்கல் பூசினானாம், ஏதோ சடங்கும் செய்தானாம். வெறும் கரி பூசலாம், வேறு எதுவும் பூசக் கூடாது என்பது விதி. போட்டியை நடத்துகிற அம்மா நியாயமானவர். இது கற்பூரம், எங்கள் சாமிக்கு ஏற்றுவது, கரி மட்டும்தான் என்றேன். அதற்குள் கம்பியைத் துடைத்துவிட்டிருந்தேன், பழக்கதோஷம். இன்னொன்று ஏற்றிக் காட்டவா என்றேன். இப்போது எரிவது அப்போது எரிந்ததற்குச் சாட்சி ஆகாது, பக்கத்தில் இருந்து பார்த்தவர் யாராவது சொல்லட்டும் என்றார். நான் உங்களைக் காட்டினேன். அவர் உங்களிடம் கேட்டார். நீங்கள் கார் சாவியைப் பார்த்தபடி சொன்னீர்கள்: "ஐ டோன்ட் நோ வாட் இட் ஈஸ். ஐம் நாட் ரிலீஜியஸ்."

பலகையில் என் பெயர் இருக்கிறது. பக்கத்தில் ஒரு நட்சத்திரம். கீழே பொடி எழுத்தில் 'விசாரணையில்' என்று போட்டிருக்கிறது. புதிதாக வருகிற ஒவ்வொருவரும் அதைப் படித்துவிட்டு என் கடையைத் திரும்பிப் பார்க்கிறார்கள். நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்த சைட்டும் லோடும் அங்கே பாதி துப்பாக்கிகளில் இருக்கின்றன. அந்தத் துப்பாக்கிகளோடுதான் வந்து நின்று பார்க்கிறார்கள்.

தம்பி, நீங்கள் மறந்த ஒன்றை நான் மறக்கவில்லை. கார் பார்க்கில் கம்பிக்குக் கரி ஏறி முடிந்து ஸ்பூனை நகர்த்தினேன், சுடர் இன்னும் இருந்தது. நீங்கள் தொப்பியை இடுக்கிக்கொண்டு, யோசிக்காமல், இரண்டு உள்ளங்கையையும் அந்தச் சுடருக்கு மேல் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டீர்கள். துப்பாக்கிக்கு ஏற்றிய கற்பூரத்தில். கோயிலில் நிற்கிற மாதிரி. எனக்குச் சிரிப்பு வந்தது, நல்ல பிள்ளை என்றும் நினைத்தேன். சாமி இருக்கிறதா இல்லையா என்று போட்டி நடத்துகிற அந்த அம்மா உங்களைக் கேட்கவில்லை. ஸ்பூனில் எரிந்தது என்ன என்றுதான் கேட்டார்.

இதை வீட்டில் சொன்னபோது என் மனைவி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் சொன்னாள்: "கண்ணுல ஒத்திக்கிட்ட கைதானே? அந்தக் கையாலயே வந்து அந்த நட்சத்திரத்த அழிக்கச் சொல்லுங்க."

ஆகவே தம்பி, வருகிற ஞாயிற்றுக்கிழமை ரேஞ்சுக்கு வந்து, அந்த அம்மாவின் முன்னால் நின்று, எரிந்தது கற்பூரம், பூசியது கரி, நான்தான் தொப்பி பிடித்தேன் என்று முழுதாகச் சொல்லுங்கள். பாதி சொல்லிவிட்டு ஸ்டெப் மார்க் கேட்காதீர்கள், கடா விழுந்தால்தான் கணக்கு.