சிரட்டை எண்ணிப் பெற்ற பட்டம்

எங்கள் அக்கா பிறந்தது கொட்டாஞ்சேனையில், துறைமுகத்தில் கப்பல் ஊதினால் வீட்டு யன்னல் கண்ணாடி அதிரும் ஓர் ஒழுங்கையில். அப்பா துறைமுகத்தில் இறங்கும் மூட்டைகளை எண்ணி எழுதும் எழுதுவினைஞர். அம்மா வீட்டில் இருந்து தைத்துக் கொடுப்பார். பிள்ளைகள் நாங்கள் இருவர்தான். அக்கா படித்தார். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு லொறியில் ஏறினேன். பிறகு கப்பல் சமையலறை, கல்கிசையில் ஒரு ஹோட்டல், டோஹாவில் கொங்கிறீட் வேலை என்று எங்கேயும் இரண்டு வருடம் சேர்ந்தாற்போல் இருந்தவன் அல்ல. ஆகவே இந்த நினைவு மலருக்கு எழுதும்படி மருமகள் டிலானி கேட்டபோது, "படிச்ச ஆக்கள் ஆராவது எழுதட்டும் பிள்ளை" என்றேன்.

"மாமா, அம்மா முதுமாணிப் பட்டம் எடுத்த கதையை உங்களை விட்டால் ஆர் எழுதுறது? அதைக் கெடுக்கப் பார்த்ததே நீங்கள்தானே" என்றாள்.

உண்மைதான். அதனால் எழுதுகிறேன்.

அப்பா இறந்தபோது அக்காவுக்குப் பத்தொன்பது வயது. உயர்தரப் பரீட்சை எழுதி முடித்திருந்தார். அடுத்த மாதமே கோட்டையில், கப்பலில் வரும் சரக்குகளை விடுவித்துக் கொடுக்கும் ஒரு கம்பனியின் கணக்குப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் கொட்டாஞ்சேனை வீடு எரிந்தது. அம்மாவும் அக்காவும் உடுத்த உடுப்போடு வெள்ளவத்தைக்கு வந்து, கடற்கரை ரயில் பாதையில் போய் முடியும் ஓர் ஒழுங்கையில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்தார்கள். எரிந்த சான்றிதழ்களுக்கெல்லாம் புதுப் பிரதி எடுத்து, வேலை செய்துகொண்டே வெளிவாரியாக வணிகமாணிப் பட்டம் பெற்றார் அக்கா. திருமணம் செய்தார், டிலானியைப் பெற்றார், அம்மாவைக் கடைசிவரை பார்த்தார். இதையெல்லாம் அவர் ஒரு நாளும் கதையாகச் சொன்னதில்லை. ஆராவது கேட்டால் "அது முடிஞ்சுது" என்பார். அவ்வளவுதான்.

ஆனால் முதுமாணிப் படிப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அவரை நிறுத்த முடியாது.

அந்தக் கம்பனியில் அக்கா மூன்று இளைஞர்களுக்கு வேலை பழக்கினார். மூன்று பேரும் பிறகு அக்காவுக்கு மேலதிகாரிகளாக வந்தார்கள். மூன்றாமவர் வெளிநாடு போகப்போவதாகச் சொன்னபோது, நிறைவேற்றுப் பணிப்பாளர் அக்காவைக் கூப்பிட்டு, "உங்களுக்கு வேலை தெரியும் என்று எனக்குத் தெரியும். ஆனால் பிரதம கணக்காளர் பதவிக்கு முதுமாணி கட்டாயம். வருட முடிவுக்குள் எடுத்துவிட்டால் கதிரை உங்களுக்கு. இல்லாவிட்டால் வெளியில் இருந்து ஒருவரை எடுப்போம்" என்றாராம். அப்போது அக்கா சனி, ஞாயிறு வகுப்புகளுக்குப் போகத் தொடங்கி ஒரு வருடத்துக்கு மேல். பரீட்சைகள் எல்லாம் சித்தி. மீதி இருந்தது ஆய்வுக்கட்டுரை ஒன்றுதான்.

நாற்பத்தாறு வயதில் ஒரு பெண் பென்சில் பெட்டி வாங்கியதை நான் கண்ணால் கண்டேன். சனிக்கிழமை காலையில் காலி வீதிக்குப் பஸ் பிடிக்கப் போகும்போது அக்காவின் நடையே வேறு. அத்தான் வாசலில் நின்று, "பாடசாலைக்குப் போற பிள்ளைக்குத் தண்ணிப் போத்தல் வேண்டாமோ?" என்று பகிடி பண்ணுவார். திரும்பி வந்ததும் அக்கா எங்களைப் பிடித்து உட்கார்த்திவைத்துப் பாடம் நடத்துவார்.

"தம்பி, நீ குடிக்கிற இந்தத் தேத்தண்ணி, ஒரு கோப்பைக்கு என்ன செலவு?"

"சீனியும் தேயிலையும்தானே."

"அடுப்பு? கேத்தில்? நான் நிண்டு ஊத்தின நேரம்?"

"அப்ப நான் வெறும் தண்ணி குடிக்கிறன், விடுங்கோ."

அந்த நாட்களில் நான் டோஹாவில் இருந்து திரும்பி ஒரு ஆட்டோ ஓடிக்கொண்டிருந்தேன். வெள்ளவத்தையில் பதினொரு வீடுகளில் பெண்கள் மதியச் சாப்பாடு சமைத்துப் பார்சலாகக் கட்டுவார்கள். நான் முற்பகலில் அவற்றை ஏற்றிக் கொள்ளுப்பிட்டிக் கந்தோர்களில் வேலை செய்பவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அக்காவின் ஆய்வுக்குப் பொருள் கிடைத்தது அந்த ஆட்டோவின் பின் ஆசனத்தில் இருந்துதான். கணக்குப் புத்தகமே இல்லாமல் இந்தப் பெண்கள் ஒரு பார்சலுக்கு எப்படி விலை வைக்கிறார்கள்? இதுதான் கேள்வி. மேற்பார்வை செய்த பேராசிரியை, "இதை இதுவரை ஒருவரும் எழுதவில்லை" என்றாராம். அக்கா அன்றைக்கு ஒழுங்கை முனையில் இருந்தே, "தம்பி! சரியாம்! சரியாம்!" என்று கத்திக்கொண்டு வந்தார்.

வினாப் பத்திரங்களைக் கொண்டுபோய்க் கொடுத்து நிரப்பி வாங்கும் பொறுப்பு எனக்கு. நான் நீளக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். பதினொரு வீட்டிலும் ஒரே பேச்சு: "எங்கட அக்கா பெரிய எக்கவுண்டன்ட். உங்கட கணக்கு வழக்கு எல்லாத்தையும் பார்க்கப்போறா. ஒண்டும் மறைக்காமல் எழுதித் தாங்கோ." அக்காவுக்கு மரியாதை தேடிக் கொடுக்கிறேன் என்றுதான் நினைத்தேன். எல்லாரும் மிகவும் பணிவாக நிரப்பித் தந்தார்கள். சிலர் தேத்தண்ணியும் தந்தார்கள். என்றைக்கும் இல்லாத மரியாதை ஏன் என்று நான் யோசிக்கவில்லை.

கட்டுரையை ஒப்படைக்க ஒரு மாதம் இருக்கும்போது அக்கா பதினொரு பத்திரங்களையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"டேய், இந்தப் பதினொரு பேரும் ஒவ்வொரு பார்சலிலும் நட்டப்படுகினம். தெரியுமோ?"

"பாவங்கள்" என்றேன்.

"பாவமோ? ரோஸ்மேரி அன்ரி போன வருசம் மகளுக்குக் கலியாணம் செய்துவைச்சது எந்த நட்டத்தில? நீ போய் என்னடா சொன்னனீ?"

சொன்னதைச் சொன்னேன். அக்கா நெற்றியில் கை வைத்தார். "என்னை வருமான வரிக்காரி ஆக்கிப்போட்டாய்" என்றார். அந்த ஒரு மாதத்தைத் தவறவிட்டால் அடுத்த தவணை ஒரு வருடம் கழித்து. அதற்குள் அந்தக் கதிரையில் வேறொருவர் இருப்பார். மேசையில் பதினொரு பத்திரங்களும் பொய்யோடு கிடந்தன.

நான் உடனே ரோஸ்மேரி அன்ரி வீட்டுக்கு ஓடினேன். பதினொரு பேரிலும் மூத்தவர் அவர்தான். விஷயத்தைச் சொல்லி உண்மைக் கணக்கைத் தரும்படி கெஞ்சினேன். அவர் மரக்கறி வெட்டிய கையை நிறுத்தவே இல்லை.

"தம்பி, நான் என்ர மாமியாருக்கே உண்மைக் கணக்குச் சொன்னதில்ல. பாவசங்கீர்த்தனத்தில சாமி கேட்டாலும் அதைச் சொல்லமாட்டன். உன்ர அக்காவுக்கு எழுதித் தரவோ?"

அடுத்த நாள் அக்கா வேலைக்கு லீவு போட்டுவிட்டுத் தானே வந்தார். பையும் இல்லை, பத்திரமும் இல்லை. பின்முற்றத்தில் ரோஸ்மேரி அன்ரிக்குப் பக்கத்தில் பலகைக்கட்டையைப் போட்டு உட்கார்ந்து, போஞ்சிக்காய் முறிக்கத் தொடங்கினார். முற்றத்து மூலையில் தேங்காய்ச் சிரட்டை குவிந்து கிடந்தது.

"அன்ரி, இது எத்தனை நாள் சிரட்டை?"

"இண்டையான் பிள்ளை. முந்தினது எல்லாம் அடுப்புக்குப் போயிட்டுது."

அக்கா எழுந்து எண்ணினார். இருபத்தாறு.

"பதின்மூண்டு தேங்காய். உங்கட பத்திரத்தில ஒரு நாளைக்கு முப்பது பார்சல் எண்டு இருக்கு. முப்பது பேருக்குப் பதின்மூண்டு தேங்காயோ? சொதியோ விக்கிறீங்கள், பாலோ விக்கிறீங்கள்?"

ரோஸ்மேரி அன்ரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அறுபத்தைஞ்சு பார்சல்" என்றார். "தம்பி ஏத்துறது முப்பதுதான், மிச்சம் வாசலிலயே வித்துப்போயிடும். அஞ்சு பார்சலுக்கு ஒரு தேங்காய். சம்பலும் அதுக்குள்ளதான். அதுக்குக் குறைச்சால் என்ர கைக்குப் பேர் இருக்குமோ?"

அந்த இடத்தில் அக்காவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். ரயில் பாதை வழியாக வீட்டுக்கு நடந்து வரும்போது என் கையைப் பிடித்து உலுக்கினார்.

"காசைக் கேட்டால் எல்லாரும் குறைச்சுச் சொல்லுவினம். தேங்காயைக் கேட்டால் ஒருத்தியும் குறைச்சுச் சொல்லமாட்டாள். தண்ணிச் சொதி வைக்கிறாள் எண்டு பேர் வந்திடுமெல்லோ! வேணுமெண்டால் கூட்டிச் சொல்லுவினம். அதைப் பிடிக்கச் சிரட்டை இருக்கு. தம்பி, நாங்கள் இனிக் காசைக் கேக்கப்போறதில்ல. சிரட்டையை எண்ணப்போறம்!"

அதன்பிறகு வந்த மூன்று கிழமைகளைப் போல என் வாழ்க்கையில் வேறு மூன்று கிழமைகள் இல்லை. சிரட்டை, வெறும் அரிசிச் சாக்கு, சோறு கட்டும் லஞ்ச் சீற்றுக் கட்டின் மட்டை, மூன்றும் எங்களுக்கு வேண்டும். விலைகளை அக்கா சந்தையில் தானே கேட்டு எழுதினார். நான் அங்கங்கே எண்ணிக்கொண்டு வருகிறேன் என்றதற்கு, "உன்னை ஒருக்கால் நம்பினது காணும். கண்ணால காணாமல் நான் எழுதமாட்டன்" என்றுவிட்டார். ஆகவே பதினொரு வீட்டுச் சிரட்டையும் சாக்கில் கட்டி, ஆட்டோவில் ஏறி, எங்கள் பல்கனிக்கு வந்தது. எண்ணி முடிந்ததும் ஒழுங்கையில் இஸ்திரிப்பெட்டியால் உடுப்பு மினுக்கும் செல்வம் அண்ணன் கரிக்கென்று அள்ளிக்கொண்டு போவார். "அக்கா, வருசா வருசம் படியுங்கோ" என்பார்.

ஒரு நாள் காலி வீதிச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் ஆட்டோவை நிறுத்திச் சாக்கைக் காட்டி, "மே மொனவாத?" என்றார், இவை என்ன என்று சிங்களத்தில்.

"பொல் கட்டு, மாத்தயா" என்றேன். சிரட்டை, ஐயா என்று.

எதற்கு என்று கேட்டார். எனக்கு வேறு பதில் தெரியவில்லை. "அக்காகே டிகிரி எகட்ட" என்றேன், அக்காவின் பட்டத்துக்கு என்று. அவர் சாக்கைக் கொட்டி ஒவ்வொரு சிரட்டையாகப் பார்த்தார். பிறகு மற்ற ஆமிக்காரரைக் கூப்பிட்டு, என்னைத் திரும்பவும் அதையே சொல்லவைத்து, இருவரும் சிரித்தார்கள். கொட்டியதை நான்தான் அள்ளினேன். வீட்டில் அக்கா எண்ணிப் பார்த்துவிட்டு, "ரெண்டு குறையுது" என்றார். திரும்பிப் போய் வீதி ஓரத்தில் கிடந்த இரண்டையும் எடுத்து வந்தேன். அவ்வளவு கண்டிப்பு.

கணக்கு முடிந்தபோது, பதினொரு பேரும் நட்டப்படவில்லை என்று தெரிந்தது. ஆனால் ஒருவர்கூடத் தன் உழைப்பை விலையில் சேர்த்திருக்கவில்லை. அக்கா இதை ரோஸ்மேரி அன்ரியிடம் சொன்னார். "அன்ரி, தேங்காய்க்கு விலை போட்டிருக்கிறீங்கள். உப்புக்குப் போட்டிருக்கிறீங்கள். உங்களுக்குப் போடேல்ல."

"எனக்கு நானே சம்பளமோ?" என்று அவர் சிரித்தார். ஆனால் அடுத்த மாதம் பார்சல் விலை ஏறியது. மற்றப் பத்து வீடுகளிலும் ஏறியது. கொள்ளுப்பிட்டிக் கந்தோர்களில் என்னைத்தான் ஏசினார்கள்.

கட்டுரை நாள் தவறாமல் போய்ச் சேர்ந்தது. வாய்மொழிப் பரீட்சை அன்று அத்தானும் டிலானியும் நானும் பல்கலைக்கழகத்தில் மரத்தடியில் நின்றோம். நான் கடலில் புயலைப் பார்த்தவன். அன்றைக்கு மரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். ஒரு மணித்தியாலம் கழித்து அக்கா வெளியே வந்தார். செருப்பு அறுந்து கையில் இருந்தது. அதை ஆட்டிக்கொண்டே வந்தார்.

"பொய்யெண்டு தெரிஞ்ச அந்தப் பதினொரு பத்திரத்தையும் ஏன் பின்னிணைப்பில வைச்சனீங்கள் எண்டு கேட்டினம்" என்றார்.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"எங்கட சனம் ஆரைக் கண்டால் பொய் சொல்லும் எண்டதும் ஒரு தரவு எண்டு சொன்னன். மூண்டு பேரும் தலையாட்டினவை. சரி, ஆட்டோவை எடு. முதல் ரோஸ்மேரி அன்ரியிட்டப் போவம்."

வருட முடிவுக்கு முன் பட்டம் வந்தது. கதிரையும் வந்தது. பிரதம கணக்காளராகப் பன்னிரண்டு வருடம் இருந்து ஓய்வு பெற்றார். தனக்குக் கீழே இருந்த எழுதுவினைஞர் பிள்ளைகளில் நான்கு பேரை மேற்படிப்புக்கு அனுப்பினார். அவருடைய ஆய்வுக்கட்டுரையின் நாற்பதாம் பக்கத்தில், "ஆய்வாளரின் சகோதரர் செய்த அறிமுகத்தினால் முதற்கட்டத் தரவுகள் பிழையாகின" என்று ஒரு வசனம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் என் பெயர் இருந்த ஒரே புத்தகம் வரவு இடாப்புத்தான். பல்கலைக்கழக நூலகத்தில் நான் இருக்கிறேன் என்று டோஹாக் கூட்டாளிகளுக்கு இன்றும் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

கடைசி நான்கு மாதங்கள் நோயோடு போயின. வலித்தது. அக்கா அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. போவதற்கு இரண்டு நாள் முன், வைத்தியசாலையில் மதியச் சாப்பாடு வந்தது. அக்கா கரண்டியால் சொதியைக் கிளறிப் பார்த்து, "தம்பி, எத்தனை பேருக்கு ஒரு தேங்காய்?" என்றார்.

"இருபது இருக்கும்" என்றேன்.

"முப்பது" என்று சொல்லிச் சிரித்தார். எங்களுக்குள் நடந்த கடைசிக் கதை அதுதான். அது போதும்.

அக்காவைப் பார்த்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், இரத்தம் கொடுத்த கந்தோர்ப் பிள்ளைகளுக்கும், சவப்பெட்டி ஒழுங்கைக்குள் திரும்ப முடியாமல் நின்றபோது தன் கடைப் பலகையைக் கழற்றி வழிவிட்ட செல்வம் அண்ணனுக்கும், கொட்டாஞ்சேனையில் இருந்து வந்து மூன்று நாளும் செபமாலை சொன்ன எங்கள் பழைய அயலவர்களுக்கும், அத்தான், டிலானி சார்பிலும் என் சார்பிலும் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

இந்தக் கடைசி வரிகளை இன்று விடியற்காலை எழுதி, துண்டுத் தாளாக மலருக்குள் வைக்கிறேன். இன்று திருப்பலி முடிந்ததும் உங்கள் கைக்கு வரும் சோற்றுப் பார்சல் ரோஸ்மேரி அன்ரி கட்டியது. இப்போது அவர் மகள்தான் சமைப்பது. இன்றைக்கு மட்டும் அன்ரி தானே அடுப்படியில் நின்றார். நூற்றிருபது பார்சல். காசு வேண்டாம் என்றுவிட்டார். எத்தனை தேங்காய் என்று கேட்டேன். "சிரட்டை பின்னால கிடக்கு. போய் எண்ணு" என்றார்.

போய் எண்ணினேன். அஞ்சுக்கு ஒன்று என்றால் நாற்பத்தெட்டுச் சிரட்டை இருக்கவேண்டும். அறுபது இருந்தது. இரண்டு தரம் எண்ணினேன், அக்கா.