கட்டிப் பிடித்தவர்கள்

என் கூடப்பிறந்த மூத்தவள் ஹாஜரா ராத்தாவுக்கு, தன்னை யாரும் ‘பாவம்’ என்று இரங்குவது காதில் விழவே கூடாது. அதனாலேயே இடது மார்பில் புற்றுநோய் வந்ததை வீட்டாரைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. கீமோ மருந்து ஏற்றுவதற்காக வலது தோள்பக்கம், தோலுக்கடியில் போர்ட் என்ற சின்னக் குமிழ் ஒன்றைப் புதிதாக வைத்திருந்தார்கள். தலையிலிருந்து தோள்வரை மூடும் தூடோங் அதையும் மறைத்துவிட்டது.

நோன்புப் பெருநாளன்று எங்கள் ஊர் செலண்டாரில் அவளுடைய துணிக்கடைக்கு வந்து பழகிய பெண்கள் எல்லோரும் வீட்டுக்கு வந்தார்கள். ஒவ்வொருத்தியும் சலாம் சொல்லி, நெஞ்சோடு சேர்த்து இறுக்கினாள். ராத்தா பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

மறுவாரம் ஆஸ்பத்திரியில் தாதி மூன்று முறை ஊசி குத்தியும் போர்ட் அகப்படவில்லை. படம் எடுத்துப் பார்த்தால், தையல் விட்டு உள்ளே கவிழ்ந்து கிடந்தது.

“எங்கயாச்சும் இடிச்சிக்கிட்டீங்களாம்மா?” என்று தாதி கேட்டார்.

ராத்தா இல்லையென்று தலையாட்டினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “பெருநாளுக்கு ஊரே கட்டிப் புடிச்சுச்சுன்னு சொல்லேன்லா!” என்று கத்திவிட்டேன்.

மறுபடி கிழித்துத் திருப்பி வைத்தார்கள். கீமோ இரண்டு வாரம் தள்ளிப்போனது.

அவள் கடைக்குத் திரும்பிய அன்றே, பெருநாளுக்கு வந்திருந்தவர்களில் ஒருவரான மைமூன் மாமி கைகளை விரித்துக்கொண்டு வந்தார். ராத்தா சட்டென்று பின்வாங்கி, ஒரு துணிச்சுருளை நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டாள். மாமியின் முகம் சுருங்கிப்போனது.

“கடை பெருசானதும் திமிரு வந்திருச்சு,” என்று எங்கள் காதுபடவே சொல்லிவிட்டு வெளியேறினார்.

நான் வாயைத் திறந்தேன். ராத்தா என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

“விடு. திமிருன்னா தாங்கிக்குவேன்.”