ஐந்தாம் தட்டு

ஊசி மருந்துத் தொழிற்சாலையில் அவளுக்குச் சைபர் அக்கா என்று பெயர். மருந்து நிரப்பும் அறையின் காற்றில் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. கிருமிக்கான தீனியை ஜெல்லி போல் உறையவைத்த வட்டத் தட்டுகளை அறையில் திறந்து வைப்பாள். நான்கு மணி நேரம் கழித்து மூடி, வெதுவெதுப்பான பெட்டியில் ஐந்து நாள் விடுவாள். கிருமி விழுந்திருந்தால் புள்ளி முளைக்கும். எண்ணி எழுத வேண்டும். பதினாறு வருடமாகப் பெரும்பாலும் சைபர்தான். ஒன்றுமில்லை என்று எழுத ஒரு சம்பளமா என்று கணவர் கேலி செய்வார்.

ஐந்தாம் தட்டு மட்டும் வெளிச்சம் குறைந்த மூலையில், ஓரகத்தியின் இருக்கைக்குப் பக்கத்தில் இருந்தது. ஓரகத்தி, கொழுந்தனாரின் மனைவி; அதே அறையில் மருந்து நிரப்புபவள். அவர்கள் கீழ்வீடு, இவர்கள் மாடி. தண்ணீர்த் தொட்டிச் சண்டைக்குப் பிறகு இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அந்தத் தட்டில் அடுத்தடுத்து இரண்டு முறை புள்ளி முளைத்தது. உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தாள்.

மேலாளர் ஓரகத்தியை ஒரு வாரம் வீட்டில் இருக்கச் சொன்னார். அவள் இல்லாதபோது அந்தத் தட்டு சைபர் காட்டினால் அவளுக்கு வேலை கிடையாது.

அந்த வாரத்துத் தட்டைச் சைபர் அக்கா எடுத்துப் பார்த்தாள். மூன்று புள்ளி.

அப்படியானால் அந்த மூலைக்கு எப்போதும் போனது யார்? அவளேதான். சில மாதமாகக் கண் மங்கல். கண்ணாடி போட்டால் முகக்கவசத்தால் ஆவி படிகிறது என்று போடவில்லை. அந்த மூலையில் தட்டின் எண் தெரியாமல், திறந்த தட்டுக்கு மேலேயே குனிந்து படித்திருக்கிறாள். திறந்த தட்டுக்கு மேல் கைகூடப் போகக் கூடாது என்று மற்றவர்களை விரட்டியவள் அவள். வெட்கம் பிடுங்கித் தின்றது. சைபர் என்று எழுதினால் அவள் கணக்கை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

மூன்று என்று எழுதினாள். கீழே, 'தட்டின் மேல் குனிந்தது நான்' என்றும் எழுதினாள். அவளை அட்டைப்பெட்டி ஒட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள்.

அன்று சாயங்காலம் ஓரகத்தி மாடிக்கு வந்தாள்.

"சைபர்னு போட்டிருந்தா யாருக்குக்கா தெரியப்போகுது?"

"யாருக்கும் தெரியாதுதான். ஆனா முதல் ரெண்டு தடவை எழுதினப்போ, உன் தப்புன்னு நெனச்சு எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு."

"தெரியும்க்கா. அந்த ரெண்டு நாளும் நீங்க பாட்டு முணுமுணுத்துக்கிட்டே படியேறினது கீழ கேட்டுச்சு."