டிங்டாங் மிஷினும் மூன்று பலகைகளும்

நிஜ மிஷினை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். துறைமுகத்துக்குள்ளே வெளிநாட்டுக் கப்பல்காரர்கள் வந்து பொழுதுபோக்குகிற க்ளப் ஒன்றில் என் வீட்டுக்காரருக்கு வேலை. கூட்டுவது, துடைப்பது, விளக்கை அணைத்துப் பூட்டுவது. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் வேலைக்காரர்களின் குடும்பங்களைக் கூப்பிட்டு கேக் கொடுப்பார்கள். அப்போது பார்த்ததுதான். நாலு காலில் நிற்கிற சாய்வான கண்ணாடிப் பெட்டி. உள்ளே ஒரு இரும்புக் குண்டு ஓடும். முட்டுகிற இடத்திலெல்லாம் மணி அடிக்கும், விளக்கு எரியும். கீழே விழப்போகிற குண்டை இரண்டு சின்னக் கட்டைகளால் தட்டி மேலே அனுப்ப வேண்டும். அந்தக் கட்டைகளைத் துடுப்பு என்பார் இவர். மிஷினுக்கு டிங்டாங் என்று பெயர் வைத்திருந்தார்.

துடைத்த பிறகு ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கிற சாக்கில் தினமும் ஆடுவாராம். அன்றைக்கு எனக்கும் ஆடிக் காட்டினார். குண்டு போகிற பக்கமெல்லாம் இடுப்பால் பெட்டியை இடித்து அதன் போக்கை மாற்றினார். ரொம்ப இடித்தால் மிஷின் கோபித்துக்கொண்டு அணைந்துவிடும், அணையாத அளவுக்கு இடிக்கத் தெரிய வேண்டும் என்றார். "கல்யாணமான ஆம்பள ஆடற ஆட்டமாய்யா இது" என்று காதோடு சொன்னேன். சிரித்துக்கொண்டே இன்னும் ஒரு இடி இடித்தார்.

அடுத்த வருஷம் அதே க்ளப் முகப்பில் நட்சத்திரம் கட்ட ஏணியில் ஏறி விழுந்தார். உயிர் இருந்தது. இடுப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லை. கிள்ளினால் தெரியாது, சுட்டால் தெரியாது. படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், அதுதான் ஆளைக் கொண்டுபோகும், எப்படியாவது உட்கார வை என்று சொல்லி ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். இந்த மனுஷனா உட்காருவார்? தலையணை கொடுத்து நிமிர்த்தினால் மெல்லச் சரிந்து படுத்துக்கொள்வார். "குந்திக்கினு இன்னாத்த கிழிக்கப் போறேன்" என்பார். இருமல் ஆரம்பித்தது. கெஞ்சினேன், திட்டினேன், சோற்றுத் தட்டை எட்டாத தூரத்தில் வைத்தேன். மசியவில்லை. ஒரு நாள் வெறுத்துப்போய், "உனுக்கு இன்னாதான்யா வோணும்?" என்று கத்திவிட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டே, "டிங்டாங்" என்றார்.

அதை எப்படி ராயபுரத்துச் சந்துக்குள் கொண்டுவருவது? போலியாவது செய்யலாம் என்று கிளம்பினோம்.

முதல் பலகை இவருடைய அண்ணன் செய்தது. அவர் படகு கட்டுகிற ஆசாரி. படகுக்கு வைத்திருந்த பலகையில் படகுக்கு அடிக்கிற ஆணியையே அடித்து, குண்டுக்குப் பதில் கோலியைப் போட்டுக் கொண்டுவந்தார். தூக்க இரண்டு ஆள் வேண்டும். தார் வாடை அடித்தது. அழகுக்கு ஒரு மீன் படம் வரைந்திருந்தார். கோலி இரண்டு ஆணிக்கு நடுவே போய் உட்கார்ந்துகொண்டால் விரலை விட்டுத்தான் எடுக்க வேண்டும். இவர் படுத்த வாக்கிலேயே அதைப் பார்த்தார். "இத கடல்ல வுடு, நல்லா மெதக்கும்" என்றார். பாவம் அண்ணன், கூட வந்த ஆளோடு சேர்ந்து அதைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனார்.

இரண்டாவது, நான் மூர் மார்க்கெட்டில் தேடிப் பிடித்தது. சீமையிலிருந்து வந்த தகரப் பலகை. எவன் வீட்டுக் குழந்தை ஆடியதோ. படமென்றால் அப்படி ஒரு படம்: சர்க்கஸ் கூடாரம், யானை, வளையத்தைத் தாண்டுகிற பெண். நிறம் கொஞ்சமும் போகவில்லை. வைப்பதும் சுலபம், மடியில் போட்டால் ஆட்டம் ரெடி. ஆனால் குண்டு கடுகு மாதிரி இருந்தது. மணி இல்லை, துடுப்பும் இல்லை. ஸ்பிரிங்கை இழுத்துவிட்டால் குண்டு ஏதாவது குழியில் போய் விழும், அவ்வளவுதான், நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் ஆடினார். "பாக்க ஷோக்கா கீது. ஆட்டம் இல்ல" என்று என்னிடம் நீட்டிவிட்டுச் சரிந்துகொண்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பெரிய கலெக்டர், இவருக்குப் பொறுக்கி எடுத்துத்தான் கொடுக்க வேண்டும்.

மூன்றாவதை என் தம்பி செய்தான். திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். மாமாவிடம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டான். குண்டுக்கு பேரிங் குண்டு. துடுப்பை இழுக்க சைக்கிள் பிரேக் கம்பி. முட்டுகிற இடத்தில் சைக்கிள் மணி. டார்ச் பேட்டரியில் எரிகிற சின்ன பல்புகள். படத்துக்குத்தான் சண்டை வந்தது. நிஜ மிஷினில் நீச்சல் உடையில் ஒருத்தி சாய்ந்திருப்பாள், அதே மாதிரி வேண்டும் என்றார் இவர். என் வீட்டில் அது நடக்காது என்றேன். தம்பி சமாதானமாக மாதா படம் போட்ட காலண்டரை எடுத்தான். மாதா மேல் குண்டு ஓடுமா, கையை உடைப்பேன் என்றேன். கடைசியில் பிஸ்கட் டப்பா மூடியிலிருந்த ரோஜாப்பூவை வெட்டி ஒட்டினோம். பார்க்க சகிக்காது.

அதை வைத்து முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. கட்டிலின் தலைமாட்டுக்கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து, பக்கவாட்டில் இரண்டு பைப் நிறுத்தி, பலகையை அதில் போல்ட் போட்டு முறுக்கினான். சாய்வு சரியில்லை என்று இவர் சொல்லச் சொல்ல கழற்றி மாட்டினான். உட்கார்ந்து முன்னால் குனிந்தால்தான் குண்டு தெரியும்படி வேண்டுமென்றே வைத்தான், அது என் யோசனை. இடுப்பால் இடிப்பதற்கு மட்டும் வழியில்லை. இவர் தோளால் பைப்பை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். குண்டு வழி மாறியது. "கீதுடா மச்சான், அப்டியே கீது" என்றார். தம்பி வெளியே போய் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அன்றிலிருந்து காலையில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும்வரை உட்கார்ந்திருப்பார். இருமல் நின்றது. கன்னத்தில் சதை வைத்தது. சந்திலுள்ள பெண்கள் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போய் முழங்கால் போட்டு, என் புருஷன் உட்கார்ந்துவிட்டான் என்று மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

அப்புறம் வீட்டில் ஒரு வாடை. எங்கள் சந்தில் வாடை என்றால் மீன்தான். பக்கத்து வீட்டுக்காரி எங்கள் ஜன்னலுக்கு நேராகத்தான் கருவாடு காயப்போடுவாள். நேராகப் போய்க் கேட்டேன். "சீக்காளி இருக்கிற வூட்டாண்ட கலீஜ் பண்றியே, உனுக்கு மனசாட்சி கீதா?" அவளும் சும்மா விடவில்லை. கருவாட்டைக் கூரைமேல் மாற்றிப் போட்டாள். வாடை போகவில்லை. வேண்டுமென்றே அழுகல் மீனை ஒளித்து வைத்திருக்கிறாள் என்று மறுபடி போய் சண்டை போட்டேன். அவள் அழுதுகொண்டே கூடையைக் கவிழ்த்துக் காட்டினாள். அது காலிக்கூடை.

இவர் வெட்கம் பிடித்தவர். விழுந்த நாளிலிருந்து என்னைத் துடைக்க விட்டதில்லை. போர்வைக்குள்ளே ஈரத்துணியால் தானே துடைத்துக்கொள்வார். அன்றைக்கு நான் கேட்கவில்லை, போர்வையை இழுத்துவிட்டு ஆளைப் புரட்டினேன். உட்கார்ந்த இடத்தில் சதை கரைந்து குழி விழுந்திருந்தது, என் கைவிரல் உள்ளே போகும். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. "இன்னாமே பாக்கற?" என்று கேட்டார்.

படுத்தே இருந்தால் புண் வரும், புரட்டிப் போடு என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். உட்கார்ந்தால் வரும் என்று யாரும் சொல்லவில்லை. நாங்கள் உட்காரவைக்கத்தானே அந்தப் பாடு பட்டோம். தகரப் பலகையோடு விட்டிருந்தால் கொஞ்ச நேரத்தில் சலித்துப்போய்ப் படுத்திருப்பார். தம்பி நிஜம் போலவே செய்து கொடுத்ததால் அசையாமல் உட்கார்ந்திருந்தார். இதை நான் தம்பியிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அவனுக்குத் தெரியும்.

இனிமேல் குப்புறத்தான் படுக்க வேண்டும் என்றார் டாக்டர். தம்பி பலகையைக் கழற்ற வந்தான். "அத தொடாத" என்றார் இவர், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தபடி. "இவ ஆடட்டும். நான் கேட்டுக்கினு கீறேன்."

அப்படித்தான் எனக்கு அந்த ஆட்டம் வந்தது. கட்டிலில் அவர் குப்புறக் கிடப்பார், நான் ஓரமாக ஒண்டி உட்கார்ந்து ஆடுவேன். அவர் ஒன்றையும் பார்க்க மாட்டார். குண்டு பலகையில் உருளுகிற சத்தம், மணியில் முட்டுகிற சத்தம், அவ்வளவுதான். "வலது பக்கம் வருது... இரு, அவசரப்படாத... இப்ப தட்டு" என்பார். சரியாக அங்கேதான் வந்திருக்கும். நான் தவறவிட்டால், "கை இன்னா மரக்கட்டையா?" என்று திட்டுவார். காய்ச்சல் ஏறின நாட்களில் குரல் தேய்ந்தது, ஆனால் சொல்லுவதை நிறுத்தவில்லை. பக்கத்து வீட்டுக்காரி எனக்காகக் கஞ்சி வடித்து வந்து வாசற்படியில் வைத்துவிட்டுப் போவாள்.

ஒரு மத்தியானம், என்றைக்கும் இல்லாமல் எனக்குக் குண்டு விழவே இல்லை. இடதில் தட்டுகிறேன், மேலே போய் மணி அடித்துவிட்டு வலதில் வருகிறது, அதையும் தட்டுகிறேன். பைப்பைத் தோளால் இடித்துக்கூடப் பார்த்தேன், கட்டிலே ஆடியது. "வுடாத, வுடாத" என்றது அவர் குரல். நானும் விடவில்லை. கடைசியில் குண்டு நடுவில் இறங்கிவிட்டது. சபாஷ் சொல்லுவார் என்று காத்திருந்தேன். ஒரு சத்தத்தையும் காணோம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு தபா நான் நல்லா ஆடுனா வாய தொறக்க மாட்டியேய்யா" என்றேன். அடுத்த குண்டை எடுத்துப் போட்டு, அதையும் ஆடி முடித்த பிறகுதான் அவர் பக்கம் திரும்பினேன்.